மாஸ்க் குழாயை அறுத்தது யார்?

“ஐயோ... உங்களைக் கொல்லப் பாத்திருக்காங்க!”

மதியத் தூக்கத்துக்குப் படுக்கை விரிக்கப் போன மனைவியின் அலறல். ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

கட்டிலோரம் மூச்சு மெஷின். அதன் மாஸ்க் குழாய்... இரண்டு துண்டாக!

அவருக்குப் பலவீனமான இதயம். தூங்கினால் மூச்சு விடச் சொல்ல மூளை மறந்து விடும். அந்த மெஷின்தான் உயிர் என்று வீடே நம்பியிருந்தது.

பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோல் மீது முகப் பவுடரைத் தூவினார். கட்டைவிரல் ரேகை... நடுவே ஒரு தழும்பு, மாப்பிள்ளையின் விரலில் இருக்கும் அதே தழும்பு! சர்வீஸ் சும்மாவா?

பாய்ந்து போய் மாப்பிள்ளையின் காலரைப் பிடித்தார்.

“ஏன்டா வெட்டினே?”

“அத்தை முன்னாடி வேணாமே மாமா...”

“என்னடா ரகசியம்? ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு. ஜீப் வருது!”

அதற்குள் மனைவி ஸ்பீக்கரில் டாக்டரைப் பிடித்திருந்தாள்.

“டாக்டர்! நீங்க குடுத்த மெஷினை வெட்டிட்டாங்க!”

“நான் எந்த மெஷினும் குடுக்கலையேம்மா! சார் தூக்க டெஸ்டுக்கே வரலை. காலையில மாப்பிள்ளை ஸ்பேர் மாஸ்க் கேட்டப்பதான் விஷயமே தெரிஞ்சுது. அந்த வகை மெஷின் இவரோட ஹார்ட்டுக்கு ஆகாது... உயிருக்கே ஆபத்து! முதல்ல ஹார்ட் மருந்தை சரி பண்ணணும். டெஸ்ட் பாத்துட்டுதான் மத்ததெல்லாம்.”

மனைவி திரும்பினாள். “அப்ப இது யாரோட மெஷின்?”

இன்ஸ்பெக்டரின் காதுமடல் சுட்டது.

“வாக்கிங் ஃப்ரெண்டோடது... அவன் புதுசு வாங்கிட்டான்.”

“டெஸ்டுக்குப் போனேன்னீங்க?”

“உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கிட்டு, கண்டவங்க கேமராவுல பாக்க வாயைப் பொளந்துட்டுத் தூங்கணுமாம்! வெக்கமா இருந்துது...”

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். “நீங்க பொய் சொன்னது அத்தைக்குத் தெரிய வேணாம்னுதான் மாமா, சத்தமில்லாம வெட்டிட்டேன்.”

காலரைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. எத்தனையோ திருடர்களை முறைத்தே நடுங்க வைத்தவர். இப்போது பெண்ணைக் கட்டியவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மன்னிச்சிடுங்க மாப்ளே...”

வாசலில் ஜீப். இளம் சப்-இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்தார்.

“சார்! அக்யூஸ்ட் எங்கே?”

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். “நான்தாம்ப்பா!”

மனைவி குறுக்கே வந்தாள்.

“விலங்கு போட்டு நேரா தூக்க டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி! இவர் வாயைப் பொளந்து தூங்குற காட்சியை முப்பது வருஷமா நான் ஒருத்தியே பாத்துட்டிருக்கேன்... மத்தவங்களும் கொஞ்சம் பாக்கட்டும்!”