ஆமை மேசைக்கு யாரும் வரவில்லை

கேளுங்க கண்ணுகளா, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, வேலையும் இல்லை. கொட்டகலைப் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சியைப் பார்க்க லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் வந்திருந்தது.

காந்த மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். பூதக்கண்ணாடி மேசையில் தள்ளுமுள்ளு. சண்முகவடிவின் மேசையில் மட்டும் ஒருத்தரும் இல்லை.

அவள் வலப்பனையிலிருந்து வந்து மூன்று மாதந்தான் ஆகிறது. இன்னும் ஒரு கூட்டாளி கிடையாது. மேசையில் அகலமான தகரச் சட்டி, ஈரமண், ஒரு கருப்பு ஆமை. ‘நம்ம ஓடையில் வாழும் ஆமை’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டார். “அங்க போகாத வீரம்மா. அது நம்ம பின்னாலயே வீட்டுக்குள்ள வந்துரும். குடும்பத்துக்கு ஆகாது.”

வடிவு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாளைக்கு ஆமையை ஓடையில் விடவேண்டும். அவள் அதை எடுத்ததே பையன்களின் கல்லடியிலிருந்துதான். எல்லாரும் இப்படியே பயந்தால் மறுபடியும் அடிப்பார்கள்.

வீரம்மாவின் அண்ணன் அழகுமுத்து தூரத்தில் நின்றபடி, “ஏய் வலப்பன, ஒன் ஆமைக்குத் தலையே இல்லையா?” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஆமை இன்னும் உள்ளே ஒடுங்கியது.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததைச் சத்தம் போட்டு ஒப்பிக்கலாமா என்று வடிவு யோசித்தாள். பிறகு ஆமையைப் பார்த்தாள். தனக்கும் ஓர் ஓடு இருந்தால் இந்நேரம் உள்ளேதான் போயிருப்பாள்.

“தலை இருக்கு,” என்றாள் மெதுவாக. “ஒங்களப் பார்த்துத்தான் பயப்படுது. கிட்ட வரவேணாம். அங்கேயே சத்தமில்லாம நில்லுங்க.”

தன்னைப் பார்த்து ஓர் ஆமை பயப்படுவது அழகுமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். என்னவோ ஏதோ என்று காந்த மேசைக் கூட்டமும் திரும்பி, அப்படியே அடங்கிப்போனது.

முதலில் மூக்கு வந்தது. அப்புறம் தலை. அதில் செம்மஞ்சள் புள்ளிகள்.

“பொட்டு வச்சிருக்கும்மா,” என்று வீரம்மா கிசுகிசுத்தாள். அம்மாவே இரண்டடி முன்னால் வந்துவிட்டார்.

“நெசமா வீட்டுக்குள்ள வராதா, பாப்பா?”

“அதுக்குத் தண்ணி வேணுங்க. ஒங்க வீட்டுல ஓடை இருக்குங்களா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வடிவு சட்டியோடு தனியாக நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம். அழகுமுத்துவும் வீரம்மாவும் ஓடி வந்தார்கள்.

“எங்க லயத்துப் பயலுங்க எவனாவது கல்லெடுத்தா எங்கிட்டச் சொல்லு,” என்றான் அழகுமுத்து.

ஆமை திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் போயிற்று.

மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் போதாது. ஆனாலும் அவர்கள் இடித்துக்கொண்டு சேர்ந்தேதான் நடந்தார்கள்.