பூந்தமல்லி வாசல்

காலை பத்து மணிக்கு வெப்பச்சங்கு ஊதியதும் அரூர்க்காரர்கள் வழக்கம்போல நிலவறைக்குள் இறங்கினார்கள். பாய், தண்ணீர்க் குடம், பிள்ளைகளின் பாடப்பலகை எல்லாம் கூடவே இறங்கின. மாலை ஐந்தரைக்கு மறுசங்கு ஊதும்வரை மேலே தெருவில் நாய்கூட நடமாடாது. பங்குனியிலேயே இப்படி. சித்திரை பிறந்துவிட்டால் சங்கு எட்டு மணிக்கே ஊதும்.

குமுதவல்லி தன் தூணுக்கருகே பாயை விரித்து உட்கார்ந்து, வீங்கிய கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயது. பதினைந்து வருடமாகச் சூரியத்தகடுகளைத் துடைக்கும் வேலை. எரியும் தகடுகளுக்கு நடுவே வியர்த்து வியர்த்து அந்த வேலைக்காரர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அவளுக்கும் கெட்டிருந்தது. நர்ஸ் எஸ்தரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. சென்னையிலிருந்து தம்பி வேடியப்பன்.

"அக்கா, திட்டத்தப் படிக்கிறேன், கேட்டுக்கோ. சனிக்கிழம காலைல ஆறு மணிக்குப் பூந்தமல்லி வாசல். ஏழரைக்கு ராயபுரம், என் ரூமு. குளிச்சிட்டு இட்லி சாப்புடற. அப்புறம் கடல்."

"ரூமுக்கு எதுக்குடா மொதல்ல? நேரா கடலுக்குப் போயிரலாமே."

"பஸ்ல ஒக்காந்து ஒக்காந்து வந்திருப்ப. காலு வீங்கிக் கெடக்கும்."

குமுதா புடவைக்குள் மறைந்திருந்த கால்களைக் குனிந்து பார்த்தாள்.

"யாரா இருந்தாலும் வீங்கத்தான செய்யும்," என்றான் அவன் அவசரமாக. "பொடவ எத்தன எடுத்து வெச்ச?"

"ரெண்டு."

"ஆறா எடுத்துக்கோ. பொறப்புச் சான்று, மூக்குக்கண்ணாடிச் சீட்டு, எஸ்தர் அக்காகிட்ட இருக்கிற ஒன் மருத்துவச் சீட்டு எல்லாத்தயும் எடுத்துக்கோ. வாசல்ல கேப்பாங்க."

"நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஆறு பொடவையா? கண்ணாலத்துக்கா வரேன்?" அவள் சிரித்தாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளும் சிரித்தாள். சென்னைக்குப் போக அனுமதி கிடைத்தவர் அந்த நிலவறையில் வேறு யாரும் இல்லை. அதனால் அக்கா தம்பி பேச்சை எல்லாரும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா போனபோது வேடியப்பனுக்கு ஆறு வயது, குமுதாவுக்குப் பத்தொன்பது. அவனை வளர்த்ததில் அவள் கல்யாண வயது கடந்துபோனது. இருபத்து மூன்றில் அவன் நீரேற்றி மெக்கானிக் தேர்வு எழுதி, குலுக்கலில் பெயர் விழுந்து சென்னைக்குள் போனான். எட்டு வருடமாயிற்று. அதன்பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் திரையில் மட்டுமே பார்த்தார்கள். விண்ணப்பத்தில் 'உறவினரைக் காண' என்று போட்டால் பதினோரு பக்கம் நிரப்ப வேண்டும் என்பதால், வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'கடல் பார்க்க' என்று எழுதியிருந்தாள்.

"இணை யாருன்னு சொல்லவே மாட்டேங்கறியே?" என்று கேட்டாள்.

"எங்கூட வேல பாக்கற ஆளு. வெளிய வரணும்னு ரொம்ப நாளா ஆச அவருக்கு. நீ உள்ள வந்ததும் அவர் வெளிய போவார். வெச்சிரட்டா?"

சென்னையின் கடற்சுவருக்குப் பின்னால் நாற்பது லட்சம் பேர் வாழ்ந்தார்கள். நாற்பது லட்சத்து ஒன்று ஆக முடியாது. குடிநீரும், ஆழ்கடலின் குளிர்ந்த நீரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் குளிர்க்குழாய்களும் அத்தனை பேருக்குத்தான் தாங்கும். ஒன்று குறையவும் கூடாது. நகரம் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஊறிவரும் நீரை இறைத்து வெளியேற்ற ஒவ்வொரு தலைக்கும் ஒரு முறைவேலை உண்டு. இதற்குத் தலையெண் சட்டம் என்று பெயர். உள்ளே ஒருவர் இறந்தால் வெளியே குலுக்கல் நடக்கும். நாற்பது வயது தாண்டியவர்களின் பெயர் அதில் சேராது. சுற்றிப் பார்க்க வருகிறவருக்கும் ஓர் இணை வேண்டும். அவர் உள்ளே நுழையும் அதே நேரத்தில் குடியாளர் ஒருவர் வெளியேற வேண்டும்.

மறுநாள் எஸ்தரிடம் மருத்துவச் சீட்டுகளைக் கேட்டபோது, அவை ஏற்கெனவே ஓர் உறையில் தயாராக இருந்தன.

"போய் வாங்கக்கா," என்றாள் எஸ்தர். குமுதாவின் முகத்தைப் பார்க்காமல் மாத்திரைப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லி வாசலில் ஒரு நீண்ட கூடம் இருந்தது. நடுவில் மஞ்சள் கோடு. ஒரு பக்கம் நுழைகிறவர்கள், மறுபக்கம் வெளியேறுகிறவர்கள். எதிரெதிர் நாற்காலிகளில் இணைகள் உட்கார்ந்து கைரேகை வைக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம். குமுதா தன் எண் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே தோல்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வேடியப்பன் உட்கார்ந்திருந்தான்.

திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். காதோரம் நரை. அவளால் முதலில் அவன் கையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

"நீ எங்கடா போற?"

"வேற யாரும் ஒத்துக்கலக்கா. ஒரு நாள் வெளிய போனாக்கூட எடம் போயிருமோன்னு பயப்படறாங்க. அதான் நானே வந்துட்டேன்."

"ஒன்னயப் பாக்கத்தான்டா நான் வரேன்!"

"கடல் பாக்கன்னுதான எழுதியிருக்க?" சிரிக்கப் பார்த்தான். "நீ சுத்திப் பாரு. நான் நம்ம ஊட்ட ஒருதரம் பாத்துட்டு வரேன். எட்டு வருசமாச்சுல்ல. திங்கக்கெழம காலைல இங்கயே பாக்கலாம்."

"வேணாம். வா, ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்து பேசிட்டுத் திரும்பிப் போயிரலாம்."

"ஒக்கார விட மாட்டாங்கக்கா."

காவலர் நாற்காலியைத் தட்டினார். வேடியப்பன் நான்காக மடித்த ஒரு தாளை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடினான். இரண்டு பக்கமும் மணிவாரியாக எழுதிய திட்டம். பின்பு கைரேகை வைத்துவிட்டு, அவள் வந்த பேருந்து நின்ற பக்கமாக நடந்து போனான். குமுதாவின் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டினார்கள். அதில் நாற்பத்தெட்டு என்ற எண் ஒளிர்ந்தது.

ராயபுரத்தில் அவன் அறைக்குப் பக்கத்து அறைக்காரி ரெஜினா வாசலிலேயே காத்திருந்தாள். "வேடி சொல்லிட்டுப் போச்சுக்கா. இன்னா, மூஞ்சி இப்டி கீது? மொதல்ல துன்னு," என்று இட்லியை வைத்தாள். தெருவில் குளிர்க்குழாய்கள் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தன. பகல் பதினோரு மணிக்குப் பிள்ளைகள் வெட்டவெளியில் ஓடி விளையாடினார்கள். குமுதா நின்று அதையே பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

திட்டத்தில் எழுதியிருந்தபடி கடற்சுவர்மேல் ஏறினார்கள். பத்துப் படிக்கு ஒருமுறை மூச்சு வாங்க உட்கார வேண்டியிருந்தது. மேலே போனதும் கடல். முதல் பார்வையில் அவளுக்குப் பயமாக இருந்தது. அத்தனை தண்ணீரும் சுவரின் தோளருகே தளும்பிக்கொண்டிருக்க, பின்னால் வெகு ஆழத்தில் தெருக்களும் கோபுரங்களும் கிடந்தன. "எட்டு வருசம் இதுக்குக் கீழயா படுத்திருந்தான்?" என்று கேட்டாள். "நாங்கெல்லாம் பொறந்ததே இதும் கீயதான்," என்றாள் ரெஜினா.

அன்று மயிலாப்பூர். மறுநாள் காசிமேட்டில் வறுத்த மீன். எல்லாவற்றையும் அவள் தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள், ஊருக்குப் போனதும் கைப்பேசியில் அவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று. கடைசி வரியில், 'ஞாயிறு 4 மணி. ராயபுரம் சிறுநீரக மையம். உறையைக் கொண்டு போ' என்றிருந்தது. சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ஒரு டாக்டரிடமும் காட்டிவிடச் சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். எஸ்தர் அவனிடம் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மையத்தில் இருந்த பெண் உறையைப் பிரித்து, திரையில் எதையோ தேடிவிட்டுத் தலையாட்டினாள். "திங்கள், வியாழன் ரெண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்பு. படுக்கை எண் பன்னெண்டு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துருங்கம்மா."

"நாளைக்குக் காலைல நான் ஊருக்குப் போறேனே."

"அப்படியா? வருகையாளருங்களுக்கு இங்க படுக்கை கெடையாதுங்களே. நாளைக்குக் காலைலேர்ந்து நீங்க குடியாளருன்னுதான போன மாசமே பதிவு பண்ணியிருக்காங்க. வேடியப்பன் உங்க தம்பியா?"

குமுதா உறையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

வெளியே போன இணை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அவருடைய தலையெண் உள்ளே இருப்பவருக்குப் போய்விடும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. அவள் கையெழுத்தும் அதன் கீழேயே இருந்தது. அன்று மாலையிலிருந்து விடியும்வரை வாசல் கூடத்தில் உட்கார்ந்து அவனை அழைத்துக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மணிக்கட்டில் எண் பூச்சியமாகி, பட்டை தானாகக் கழன்று மடியில் விழுந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. காவலர் நல்ல மனிதர். "எந்திரிங்கம்மா. ஒங்க எடம் இப்ப உள்ளதான்," என்றார்.

ஆறு ஐந்துக்கு அவனே அழைத்தான்.

"ஏன்டா?" என்றாள்.

"ரெண்டு கிட்னியும் போயிருச்சுன்னு எஸ்தர் அக்கா சொன்னாங்க. சித்திரயத் தாண்ட மாட்டியாம். வயசு நாப்பது தாண்டிருச்சு, குலுக்கல்லயும் ஒம்பேரு வராது. வேற என்னக்கா பண்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கேட்டா வந்திருப்பியா?"

"எனக்கு இந்த ஊருல யாருடா இருக்கா?"

"எனக்கு முப்பத்தொண்ணுதான. ஒடம்பு தாங்கும். திருப்பி எழுதிப் போடறேன், ரெண்டு வருசத்துல குலுக்கல்ல உள்ள வந்துருவேன்."

"வேடி, எனக்கு நல்லது பண்ணிட்டதா மட்டும் நெனச்சிக்காத," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு அவள் வருந்தினாள். ஆனால் அது பொய்யில்லை.

பத்தொன்பதாம் நீரேற்றியில் அழுத்தமானிகளைப் பார்த்து எழுதும் வேலை கொடுத்தார்கள். திங்களும் வியாழனும் பன்னிரண்டாம் படுக்கை. சட்டப்படி குடியாளர் எவரும் தம் தலையெண்ணை வெளியே இருப்பவர் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவர் ஒத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சிகிச்சை முடிந்ததும் குமுதா தலையெண் மாற்று நிலையத்துக்குப் போய், திரையில் வேடியப்பனின் எண்ணைத் தட்டினாள். நீ உள்ளே வா, நான் வெளியே வருகிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் 'மறுக்கப்பட்டது' என்று பதில் வரும். முதல் வாரம் அதைப் பார்த்துத் திரையைக் குத்தினாள். போகப்போக, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனாள். மறுக்கிறான் என்றால் இருக்கிறான்.

சித்திரை வந்தது. அரூரில் இந்த வருடம் சங்கு ஏழரைக்கே ஊதுகிறது என்றான் ஒருநாள். அவளுடைய தகடுகளைத்தான் அவன் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒன் தூணுகிட்டதான் படுக்கறேன், எல்லாரும் ஒன்னய விசாரிக்கறாங்க," என்றான். குரல் வறண்டிருந்தது. "தண்ணி குடிடா," என்றாள். அது வெள்ளிக்கிழமை.

அடுத்த திங்கள் எண்ணைத் தட்டியதும் பதில் உடனே வந்தது. 'இந்த எண்ணுக்குரியவர் இல்லை. வேறு இணையைத் தேர்வு செய்கிறீர்களா?' அதன் கீழே ஆம், இல்லை. அதற்கும் கீழே, வெளியே காத்திருப்பவர்களின் பட்டியல்.

தவறாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி தட்டினாள். அதே பதில். எஸ்தரை அழைத்தாள். எஸ்தர் எடுத்ததுமே அழத் தொடங்கினாள்.

"முந்தாநேத்து கரண்டு போயிருச்சுக்கா. காத்தோட்டமே இல்ல. நெலவறையில பதினேழு பேரு செத்துட்டாங்க. கெழவங்களயும் கொழந்தைங்களயும் மொதல்ல மேல தூக்கிட்டு வந்தது வேடிதான். திரும்பத் திரும்ப எறங்குச்சு. மேல மட்டும் என்ன, அனல்தான. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

குமுதா கைப்பேசியை இறக்கினாள். திரை இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டியலில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. பென்னாகரம். வயது இருபத்தொன்பது. இரண்டு பிள்ளைகள். 'ஆம்' என்று தொட்டால் அந்தப் பெண் நாளைக்கே உள்ளே வந்துவிடுவாள். தனக்கு இனி இந்தச் சுவருக்குள்ளும் யாரும் இல்லை, வெளியேயும் யாரும் இல்லை. பிறகு எதற்காக இங்கே இருக்க வேண்டும்?

விரலைத் தூக்கினாள். அது 'ஆம்' அருகே போய் நின்றது. கால் வீக்கம் வடிந்திருந்தது. முந்தின நாள் நீரேற்றியின் படிகளை ஒரே மூச்சில் ஏறியிருந்தாள். இரவில் தூக்கம் வந்தது, சோறு ருசித்தது. உடம்பு தன்பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விரல் நகரவில்லை.

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். "முடிஞ்சுதாம்மா?"

அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள். பெயர்ப்பட்டியல் மறைந்தது. விலகி வழிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூன்று மணிக்கு அவளுடைய முறைவேலை.