முப்பத்தொன்பதாம் எலியின் இடது கால்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில், முதுகு முறிந்து படுத்துப் பிறகு எழுந்து நடக்கும் மீள்நடையரை அடையாளம் காண யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. நடக்கும்போது எல்லாரையும் போலத்தான் நடப்பார்கள். நின்றுவிட்டால் போதும், இடது பாதம் தரையை விட்டு இரண்டு அங்குலம் எழும்பிவிடும். ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் பூங்கோதை வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தக் கால்களுக்கான வரைபடம் அவள் கைப்பட வரைந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் ஆய்வகத்தில் ஓர் எலியின் தண்டுவடத்தை முடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, ஒவ்வொரு நரம்பணுவையும் புள்ளி வைத்துக் குறித்தவள் அவள். எலிக்கும் மனிதனுக்கும் தண்டுவடத்தின் சாம்பல் பகுதி பத்து அடுக்குதான். பின்பக்க அடுக்குகள் தொடுதலையும் வலியையும் வாங்கும். முன்பக்கத்துப் பெரிய அணுக்கள் தசையை இழுக்கும். எந்த அடுக்கில் எத்தனை அணு, எது எதோடு இணைகிறது என்று தெரிந்தால் போதும். ‘நரம்புத்தறி’ என்ற இயந்திரம் அதை மனித அளவுக்கு நீட்டி, முறிந்த முதுகுக்குள் புது அணுக்களால் நெய்துவிடும். நாற்பதாயிரம் பேர் சக்கர நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி நாச்சிமுத்து. கல்யாணச் சமையல்காரன், பந்தல் போட ஏறிய மாடியிலிருந்து விழுந்தவன்.

எழுந்தவன் நேராக அடுப்படிக்குத்தான் போனான். ஒரு முகூர்த்த நாளில், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒற்றைக்காலில் தள்ளாடி, முழங்கை வரை வெந்துபோனான். அதன்பின் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. சமைக்காத நாச்சிமுத்து சாப்பிடவும் மறந்தான். காலை அழுத்தி ஊன்றினால் என்னதான் ஆகிறது என்று பூங்கோதை கேட்டாள்.

“வலியெல்லாம் இல்லக்கா. என்னமோ வரப் போகுதுன்னு இருக்குது. வேர்த்துக் கொட்டுது. என்ன வரப் போகுதுன்னுதான் தெரியல.”

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அவள் சீவிய முப்பத்தொன்பதாம் எலி, அதற்கு முன் அதே ஆய்வகத்தில் வலியை ஆராயும் வலிப்பிரிவில் பதினோரு வாரம் இருந்திருக்கிறது. இடது காலை ஊன்றினால் மின்சாரம் பாயும், தூக்கினால் நிற்கும். அங்கே நடந்தது அவ்வளவுதான். மூளைக்கு முன்பே தண்டுவடம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. இடுப்புப் பகுதியில் இடப்பக்கம் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் கூடுதலாக இருந்ததை அவள் அன்றே கவனித்தவள்தான். கண்ணில் படுவதைத் திருத்தக் கூடாது என்பது ஆய்வக விதி. அப்படியே வரைந்தாள்.

அந்த எலி தானாக அவளிடம் வரவுமில்லை. எப்படியும் சாகப் போகிற உயிர் இருக்கும்போது இன்னொன்றை எதற்குக் கொல்ல வேண்டும் என்று வாதாடிக் கேட்டு வாங்கியவள் அவளேதான். இரக்கப்பட்டதற்கு இப்படியும் ஒரு கூலி உண்டா என்று நினைத்து, பதிவேட்டின் மேல் தலை கவிழ்ந்து அழுதாள்.

நெய்ததைப் பிரிக்க முடியாது, பிரித்தால் நடையும் போய்விடும் என்றார் ஆய்வக இயக்குநர் அருளானந்தம். ஒரே வழி எதிர்ப்பாடம். காலைத் தூக்கினால் மின்சாரம், ஊன்றினால் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து உடனே சம்மதித்தான். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

“வேற யாரும் வேண்டாம்க்கா. நீ பண்ணுனா எனக்குப் பயமில்ல.”

தினமும் காலையில் அவன் கணுக்காலில் பட்டையை அவளே கட்டினாள். அவளே பொத்தானை அழுத்தினாள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் ரசத்துக்குச் சண்டை போட்ட கதையைச் சொன்னான். நான்காவது வாரத்தில், அட்டவணையைப் பார்த்துக்கொண்டே அழுத்த அவளால் முடிந்தது. வலிப்பிரிவின் வாசலைக்கூட மிதிக்காமல் இருந்தவள் அவள்.

பதினோராவது வாரம் கால் தரையில் நின்றது.

அடுத்த முகூர்த்தத்தில் நாச்சிமுத்து எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்றான். முதல் ஒப்புட்டை, அந்தப் பருப்புப் போளியை, அக்காவுக்கென்று தட்டில் வைத்து எடுத்துவந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் முகம் பழைய முகமாக இருந்தது. செருப்பு வார் அவிழ்ந்திருப்பதைப் பார்த்து, மாட்டிவிட அவள் குனிந்தாள்.

விரல் கணுக்காலில் பட்டதுதான் தாமதம். இரண்டு கால்களும் வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் ஒடுங்கி உதறின. பதினோரு வாரமும் அவள் விரல் பட்ட பிறகுதான் மின்சாரம் வந்தது. தண்டுவடம் அதையும் சேர்த்தே படித்திருந்தது.

கையில் தட்டும் முகத்தில் சிரிப்பும் அப்படியே இருக்க, நாச்சிமுத்து தன் கால்களைக் குனிந்து பார்த்தான்.

“நான் இழுக்கலக்கா,” என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கால்கள் மெல்ல இறங்கி வந்தன.