எச்சில் ஏடுகள்

திங்கட்கிழமை காலை குமாஸ்தா ஈனாக் டார்பெல் கடித நகல் புத்தகத்தைத் திறந்தபோது, முந்நூற்றுப் பன்னிரண்டாம் ஏடு ஈரமாக இருந்தது.

வழக்கறிஞர் ஹோசியா ஸ்ட்ரவுடைப் புதைத்துப் பதினெட்டு நாள்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினெட்டு நாள்களில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வெளியே போகவில்லை; ஆகையால் ஒரு கடிதத்துக்கும் நகல் எடுக்கப்படவில்லை. கதவின் ஒரே சாவி அவனுடைய உள்சட்டைப் பையில் இருந்தது. கூரை ஒழுகவில்லை. அப்படியிருந்தும், வெங்காயத் தோலைப் போன்ற அந்த வெற்றுத் தாள் நடுவில் அகலமாக நனைந்து, உப்பி, அடுத்த ஏட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியால் தொட்டான். தண்ணீராக இருந்தால் விரலைவிட்டுச் சொட்டியிருக்கும். இது நூலாக நீண்டது.

அவன் விரலைக் கைக்குட்டையில் துடைத்தான். பிறகு அந்தக் கைக்குட்டையையே கணப்பு அடுப்பில் போட்டான்.

நவம்பர் கடைசி, ஒகையோ ஆற்றங்கரைக் கொட்டகைகளில் பன்றி அறுக்கும் பருவம். கொழுப்பு உருக்கும் புகை நீதிமன்றச் சதுக்கம் வரைக்கும் வந்து, சாளரக் கண்ணாடிகளில் மஞ்சள் பிசுக்காகப் படிந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை நாற்றமென்று சொல்வதில்லை; டார்பெல்லும் சொன்னதில்லை. ஆனால் ஏட்டிலிருந்து எழுந்தது அந்தப் புகையன்று. வெல்லப்பாகில் ஊறிய மெல்லும் புகையிலை, சொத்தையான கடைவாய்ப் பல், நெடுநேரம் மூடியிருந்து திறந்த வாயின் வெம்மை. பத்தாண்டுகள் அந்த வாய்க்கு அருகில் அமர்ந்து வேலை பார்த்தவனுக்கு, அதை இன்னாருடையதென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நகல் எடுப்பது எளிய வேலை. கடிதத்தை நகல் மையில் எழுதவேண்டும். புத்தகத்தின் வெற்று ஏட்டைத் தூரிகையால் நனைக்கவேண்டும். இரண்டையும் முகத்தோடு முகமாக வைத்து, இரும்பு அழுத்துப்பொறியின் சக்கரத்தைத் திருகவேண்டும். ஈரம் மையைக் குடிக்கும். எழுத்து ஏட்டில் இடவலம் மாறி இறங்கும். தாள் மெல்லியதாதலால் மறுபுறத்திலிருந்து நேராகப் படிக்கலாம். அதற்கென்றே மற்ற வழக்கறிஞர்களின் அறைகளில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. ஸ்ட்ரவுடின் அறையிலும் இருந்தது. அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

“கிண்ணம் குளிர்ல உறைஞ்சுபோகும், டார்பெல். என் நாக்கு உறையாது” என்பார்.

பிறகு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, பசு தன் கன்றை நக்குவதுபோல ஏட்டை மேலிருந்து கீழாக, பொறுமையாக, இடம் விடாமல் நக்குவார். அந்த நாக்கு ஓர் ஆணின் வாய்க்குள் அடங்கும் அளவைவிடப் பெரிது என்று டார்பெல் முதல் வாரத்திலேயே எண்ணியதுண்டு. சக்கரத்தைத் திருகுவதும், உலராத ஏட்டைத் தூக்கிப் படித்துச் சரிபார்ப்பதும் அவன் வேலை. ஈரமான மூலக் கடிதத்தை மீண்டும் விரித்துப் படிக்கக்கூடாது, மை கலையும். எழுத்து உள்ளே இருக்குமாறு மடித்து, உறையிலிட்டு, அரக்கு வைக்கவேண்டும். சரிபார்ப்பது நகலில் மட்டுமே. இது அந்த அலுவலகத்தின் சட்டம். பத்தாண்டுகளில் அவன் ஒருமுறையும் மீறாத சட்டம்.

ஒரே புத்தகத்தில்தான் எல்லாம். நாற்பத்தோராம் ஏடு, மிஸ் டிரூசில்லா கீனுக்கு: “தங்கள் கைகளின் வெண்மை என் உறக்கத்தைக் கெடுக்கிறது.” நாற்பத்தொன்பதாம் ஏடும் அவளுக்கே: ஆற்றோரத்துப் பண்ணையை அவர் பொறுப்பில் விடுவதே அவளுக்கு நல்லது. அவள் இரண்டுக்கும் மறுத்தாள். ஐம்பத்தெட்டாம் ஏடு, மாநிலத்து மனநோய் விடுதியின் கண்காணிப்பாளருக்கு: “இந்தத் துர்ப்பாக்கியவதிக்குத் சித்த சுவாதீனம் இல்லை, நீதிமன்றம் என்னைக் காப்பாளனாக நியமித்துள்ளது.” காதலுக்கும் கொடுமைக்கும் ஒரே எச்சில். இரண்டையும் அழகான, சாய்வான, பிழையற்ற எழுத்தில் எழுதியவன் ஈனாக் டார்பெல். கையெழுத்துதான் தன்னுடையது, சொற்கள் எசமானுடையவை என்று நான்கு ஆண்டுகளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரவில் சோளரொட்டியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் தின்று, நன்றாகத் தூங்கியிருந்தான். வெட்கம் கெட்ட தூக்கம்.

அன்று பத்து மணிக்கு டெம்பரன்ஸ் கீன் வந்தாள். டிரூசில்லாவின் அக்காள், ஐம்பது வயது, எலும்பும் கோபமுமான உடம்பு. கையில் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்றை மடித்து வைத்திருந்தாள்.

“என்ன குமாஸ்தா ஐயா, முகம் இப்படி வெளுத்திருக்கு? எசமான் போன துக்கம் இன்னும் ஆறலையா? ஊர்ல அழுத ஒரே ஆள் நீங்கதான்னு பேச்சு.”

“நான் அழலம்மா. சவப்பெட்டி வாசனை கண்ணைக் கரிச்சுது.”

“அந்த வாய்க்கு ஒரு பெட்டி பத்தாது. வாய்க்குத் தனியா ஒண்ணு செஞ்சிருக்கணும்.” அவள் எச்சில் படிக்கத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். “நீதிபதியைப் பாத்துட்டு வரேன். புதுக் காப்பாளர் வர்றவரைக்கும் காகிதம் எல்லாம் உங்க பொறுப்பாமே? காப்பாளர் அலுவலகத்துலேருந்து தடையில்லைன்னு ஒரு கடிதாசு வந்தா, தங்கச்சிய என்னோட அனுப்பிடறோம்னு விடுதிக்காரரும் சொல்லிட்டார். ஒரே ஒரு கடிதாசு. அவ இருமினா ரத்தம் வருது. இந்தக் குளிர அங்க தாங்கமாட்டா.”

“எழுதறேன்.”

“நாலு வருஷமா அவளை உள்ள வைக்க எழுதின கைதானே? வெளிய எடுக்கவும் எழுத வருதான்னு பாக்கறேன்.”

அவன் பேனாவை எடுத்தான். காப்பாளரின் அலுவலகத்துக்கு எந்தத் தடையும் இல்லை. டிரூசில்லா கீன் தெளிந்த அறிவுடையவள். முன்னர் எழுதப்பட்ட கடிதங்கள் உண்மைக்குப் புறம்பானவை. அவற்றை எழுதியவன் என்ற முறையில் இதற்குச் சான்றளிக்கிறேன். தன் பெயரைத் தானே இட்டான். பத்தாண்டுகளில் அவன் தன் சொற்களில் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

நகல் எடுக்காமல் அனுப்பியிருக்கலாம். ஆனால் நகலில்லாத கடிதம் நீதிமன்றத்தில் செல்லாது. நாளைக்கு யாராவது மறுத்தால் சான்று வேண்டும். கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றினான். ஈரமான ஏட்டைத் தள்ளிவிட்டு, முந்நூற்றுப் பதின்மூன்றாம் ஏட்டைப் பிரித்தான். தூரிகைக்கு வேலை இருக்கவில்லை. அதுவும் நனைந்திருந்தது.

“என்ன யோசனை?” என்றாள் டெம்பரன்ஸ்.

“ஒண்ணுமில்லம்மா. தாள் கொஞ்சம் ஈரம்.”

“ஈரமாத்தானே இருக்கணும்?”

அவன் கடிதத்தை உள்ளே வைத்துச் சக்கரத்தைத் திருகினான். இரும்பு இறங்கியபோது புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கூழ் நிறைந்த வாய் மூடும் சத்தம். திறந்து, ஏட்டைத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படித்தான். ஒவ்வொரு சொல்லும் அவன் எழுதியபடியே இருந்தது. நிம்மதியில் அவனுக்குக் கண் கலங்கியது. மூலக் கடிதத்தை எழுத்து உள்ளே இருக்குமாறு மடித்தான், உறையிலிட்டான், அரக்கு வைத்தான். டெம்பரன்ஸே அதை அஞ்சலகத்துக்கு எடுத்துப் போனாள்.

“பரவாயில்லை, குமாஸ்தா ஐயா. உங்களுக்கும் முதுகெலும்பு முளைச்சிருக்கு” என்று வாசலில் நின்று சொன்னாள். நான்கு ஆண்டுகளில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

அந்த வாரம் ஈரம் பரவியது.

செவ்வாய்க்கிழமை மேசையின் தோல்விரிப்பு பிசுபிசுத்தது. புதன்கிழமை, சிவப்பு நாடா கட்டி அடுக்கியிருந்த பழைய கடிதக் கட்டுகளை எடுத்தபோது, அவை அடுத்தடுத்துத் தொங்கிய கோழையிழைகளோடு மாடத்திலிருந்து பிரிந்து வந்தன. டிரூசில்லா விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களே அவற்றில் மிகுதி, நூற்றுக்கும் மேல், ஒவ்வொன்றின் முதுகிலும் “பதில் தேவையில்லை” என்று அவன் கையாலேயே குறித்திருந்தது. அவற்றின் மை மட்டும் முற்றிலும் உறிஞ்சப்பட்டிருந்தது. வெற்றுத் தாள்கள். வியாழக்கிழமை நகல் புத்தகத்தின் இடுக்கில் மென்று துப்பிய புகையிலைத் துணுக்கு ஒன்று கிடைத்தது. அது இன்னும் சூடாக இருந்தது.

அன்றிரவு, தான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சாப்பாட்டில் அவனுக்கு எதுவும் ருசிக்கவில்லை. காப்பியிலும் வெல்லப்பாகில் ஊறிய புகையிலையின் கசப்பு. ரொட்டியிலும் அதே. வாயைக் கொப்பளித்தான். துப்பிய தண்ணீர் பழுப்பாக இருந்தது. அவன் வாழ்நாளில் புகையிலை மென்றதில்லை.

சனிக்கிழமை மதியம் டெம்பரன்ஸ் ஓடிவந்தாள். தொப்பி நழுவியிருந்தது, கையில் அதே சால்வை, மறுகையில் தடித்த உறை.

“வந்துடுச்சு! உங்க பேருக்கு வந்ததால நான் பிரிக்கல. சீக்கிரம் பிரிங்க. ரெண்டு மணி வண்டிக்கு நான் கிளம்பணும்.”

அவன் உறையைக் கிழித்தான். மூன்று தாள்கள். முதலாவது விடுதிக் கண்காணிப்பாளருடையது.

“தங்கள் கடிதத்தின்படி நோயாளி டிரூசில்லா கீன் நிலவறைப் பகுதிக்கு மாற்றப்பட்டாள். எழுதுகோலும் தாளும் பறிக்கப்பட்டன. வாய்க்கட்டுப் பற்றித் தாங்கள் கூறிய யோசனையும் நிறைவேற்றப்பட்டது. அவளுடைய தமக்கையிடமும் அதே அறிகுறிகள் முற்றியிருப்பதாகத் தாங்கள் தெரிவித்தமையால், அவளையும் இங்கே சேர்ப்பதற்குரிய படிவத்தை இத்துடன் அனுப்புகிறோம். தங்கள் கடிதம் கறைபட்டுக் கையொப்பம் கலைந்துள்ளது. மீண்டும் கையொப்பமிட்டு அனுப்புக.”

இரண்டாவது தாள் படிவம். மூன்றாவது, அவன் கடிதம்.

அவன் தாள். அவன் மை. அழகான, சாய்வான, பிழையற்ற அவன் எழுத்து. நிலவறை, பறிப்பு, வாய்க்கட்டு. எல்லாம் அவன் கையில். சொற்கள் மட்டும் எசமானுடையவை. தாளின் குறுக்கே, மேலிருந்து கீழாக, அகலமான பழுப்புத் தடம் ஒன்று காய்ந்து பளபளத்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் டெம்பரன்ஸ். “விடறாங்களா?”

அவன் நகல் புத்தகத்தைப் புரட்டினான். முந்நூற்றுப் பதின்மூன்று. எந்தத் தடையும் இல்லை, தெளிந்த அறிவுடையவள். அவன் சொற்கள் அங்கே இருந்தன. அங்கேயே தங்கிவிட்டன. கடிதத்திலிருந்து ஏட்டுக்கு, மை ஒரு பக்கமாகத்தான் போகும் என்று அவன் நம்பியிருந்தான். மடிக்குமுன் கடிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால். ஒரே ஒருமுறை.

“ஐயா, உங்களைத்தான்!”

முந்நூற்றுப் பதினான்காம் ஏடு தானாகவே மேலே எழுந்தது. உள்ளே எழுத்து ஊறிக்கொண்டிருந்தது. ஒரு வரி. அதன் கீழே இன்னொரு வரி. அவன் கையெழுத்து.

“இதை எழுதும் வேளையில் மிஸ் டெம்பரன்ஸ் கீன் என் எதிரே நிற்கிறாள். தொப்பி கலைந்திருக்கிறது. சாம்பல் நிறச் சால்வை ஒன்றைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்திருக்கிறாள். தாமதமின்றி ஆள் அனுப்புக.”

ஓடுங்கள் என்று சொல்லவேண்டும். அவள் ஓடவேண்டும். வாயைத் திறந்தான். வாய் நிறைந்திருந்தது. ஏதோ தடித்தது, சொரசொரப்பானது, பல்வரிசையைத் தள்ளிக்கொண்டு அகன்றது. கன்னத்துக்குள் சூடான ஓர் உருண்டை ஒரு பக்கமாக ஒதுங்கியது. மோவாய் வழியே பழுப்பு நீர் இறங்கிக் கழுத்துப்பட்டையை நனைத்தது.

டெம்பரன்ஸ் ஓரடி பின்வாங்கினாள். “வாய்ல என்ன அது?”

“ஒண்ணுமில்லம்மா” என்றது வாய். குரல் அவனுடையதாகத்தான் இருந்தது. “எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. உக்காருங்க.”

அவள் நம்பினாள். நான்கு ஆண்டுகள் காத்திருந்தவள். கண்களில் நீர் ததும்ப, நாற்காலியை இழுத்துப் போட்டு, சால்வையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

டார்பெல் தலையைத் தூக்க முயன்றான். கழுத்து இறங்கியது. கைகள் ஏட்டை விரித்துப் பிடித்தன. உள்ளே, எங்கோ தொண்டைக்கு அடியில், அவன் அலறினான். வெளியே எச்சில் மட்டும் சொட்டியது. கறுத்த, அகன்ற, அவனுக்குச் சொந்தமில்லாத நாக்கு உதடுகளைப் பிளந்துகொண்டு வந்து ஏட்டின் தலைப்பைத் தொட்டது. பிறகு மேலிருந்து கீழாக, பொறுமையாக, இடம் விடாமல் நக்கத் தொடங்கியது.