தண்ணீர் வராத வியாழன்

தண்ணீர் வராத நாளிலும் குழாய் தட்டியது.

ஜெபமணி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மணி மாலை ஏழு பத்து. டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு, பிறகு ஈரச் சாக்கைத் தரையோடு இழுப்பதுபோல நீளமாக ஓர் உரசல். ஆறு நாளாக இதே நேரத்தில் கேட்கும் சத்தம்தான். ஆனால் இன்று வியாழன். பழுது பார்க்க லைனை மூடியிருந்தார்கள். வானவடிப் பகுதி முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

இந்தச் சத்தத்தால்தான் அவள் தம்பி விஜய் பதினோரு வருடமாக எரவாடா ஜெயிலில் இருக்கிறான். அவன் மனைவி சோனியா இந்தச் சமையலறையில்தான் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஏழு இருபதுக்கு விஜய் வீட்டைவிட்டு இறங்கி, ரஞ்சன்காவ் தொழிற்சாலையின் நைட் ஷிப்ட் பஸ்ஸைப் பிடித்ததை யாரும் மறுக்கவில்லை. கீழ்வீட்டு கோதைதான், ஏழு பத்துக்கு மேல்வீட்டில் மூன்று தட்டும் ஓர் இழுப்பும் கேட்டதாகச் சாட்சி சொன்னாள். கொலையை விஜய் வீட்டிலிருந்த நேரத்தோடு முடிச்சுப் போட்டது அந்த ஒரு வரி. ஹைகோர்ட்டும் அதையே பிடித்துக்கொண்டது.

போன மாதம் கரையான் பார்க்க வந்தபோதுதான், பூட்டிக்கிடந்த இந்த வீட்டில் ஜெபமணி அதே சத்தத்தைக் கேட்டாள். கேட்டவுடன் அழுதாள், சந்தோஷத்தில். அது குழாய். தெருமுனையில் வால்வைத் திறந்ததும் தண்ணீர் காலிக் குழாய்க்குள் பாய்கிறது. உள்ளே அடைபட்ட காற்றுக்குப் போக வழியில்லை. நசுங்கி, பிதுங்கி, ஒவ்வொரு வளைவிலும் மோதுகிறது. சுவரில் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு மோதலும் ஒரு தட்டு. கடைசியில் காற்று மொத்தமாகக் கிளம்பும்போது ஓர் இழுப்பு. அவ்வளவுதான்.

வக்கீல் மும்தாஜ் நேற்று போனில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அக்கா, சுப்ரீம் கோர்ட்ல புது ஆதாரம் சேர்க்க மனு போடறோம். இதையும் தள்ளிட்டாங்கன்னா அப்புறம் தட்டறதுக்குக் கதவே இல்ல."

"ஆறு நாள் எடுத்தாச்சே, வக்கீலம்மா."

"வியாழக்கிழமையும் எடுங்க. தண்ணி இல்லாத அன்னிக்கு சத்தம் வரலைன்னாதானே அது குழாய்னு ஆகும்? அந்த ஆறு நாளையும் ஒலி நிபுணர்கிட்ட கொடுத்திருக்கேன். தண்ணி இரைச்சலைக் கழிச்சுட்டு மீதி என்ன இருக்குன்னு பார்ப்பாரு."

"மீதி என்ன இருக்கும்?"

மும்தாஜ் சிரித்தாள். "ஒண்ணும் இருக்காது. அதானே நம்ம கேஸு."

டொக். டொக். டொக்.

மறுபடி. ஜெபமணி எழுந்து குழாயைத் திறந்தாள். அதன் வாய் உலர்ந்திருந்தது. எங்கோ காற்று மிச்சம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாமல் காற்று அசையாது, அது அவளுக்குத் தெரியும். சுவரோடு போகும் குழாயில் உள்ளங்கையை வைத்தாள். தண்ணீர் வரும் நாளில் அது சில்லிட்டு, காய்ச்சல்காரன் கைபோல நடுங்கும். இன்று வெதுவெதுப்பாக, அசையாமல் இருந்தது.

தட்டை அவள் பாதம் உணர்ந்தது.

குழாய் சுவரில் இருக்கிறது. சத்தம் தரையில்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பினாயில் வாசனைக்கு அடியில், எண்ணெய் தடவிய கூந்தலின் வாசனை. உரசல் அடுப்பு மேடைப் பக்கத்திலிருந்து கதவை நோக்கி மெல்ல நகர்ந்தது. கூடவே இன்னொன்று. ஆறு நாளும் தண்ணீர் இரைச்சல் அதை மூடியிருந்தது. கூரை வழியாகக் கோதைக்கும் எட்டாதது.

மூச்சு.

உள்ளே போகும்போது ஒரு விசில். வெளியே வரும்போது இரண்டு.

சின்ன வயதில் தம்பியின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் எண்ணிய விசில். இளைப்பு வந்தால் அவன் அப்படித்தான் மூச்சு விடுவான். கனமான எதையாவது தூக்கினாலும்.

போன் அதிர்ந்தது. மும்தாஜின் செய்தி.

"அக்கா, இரைச்சலைப் பிரிச்சாச்சு. அடியில மூச்சு மாதிரி ஏதோ இருக்காம். ஆறு நாளும் இருக்காம். நீங்க பக்கத்துலயா உட்கார்ந்திருந்தீங்க?"

ஜெபமணி திரையைப் பார்த்தாள். எரவாடாவில் போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியின் நரைத்த தலை கண்முன் வந்தது. 'என்னைக் கூட்டிட்டுப் போயிடு அக்கா.'

தட்டெழுதினாள்.

"ஆமா. என் மூச்சுதான். இன்னிக்கு சத்தமே வரல."

அனுப்பினாள். இன்றைய பதிவை அழித்தாள்.

உரசல் நின்றது. விசில் நின்றது. வீடு முழுக்க நிசப்தம்.

அவள் நெஞ்சு இறுகியது. மூச்சை இழுத்தாள். ஒரு விசில். விட்டாள். இரண்டு.

கைகள் கனத்தன.

குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் சில்லிட்ட இரு அக்குள்களுக்குள் கோர்த்திருந்தன. மார்பில் ஓர் ஈரத்தலை சாய்ந்திருந்தது. அவள் கால்கள் பின்னோக்கி, கதவை நோக்கி, ஒவ்வோர் அடியாக நகர்ந்துகொண்டிருந்தன. எதிரே, சொட்டுத் தண்ணீரில்லாத தரையில், இரண்டு குதிகால்கள் இரண்டு ஈரக்கோடுகளை நேராக வரைந்துகொண்டே வந்தன.