காலி மிஷின்

துவைக்க இரண்டு வேட்டியும் ஒரு துண்டும்தான் போட்டிருந்தார். அதற்கே வாஷிங் மிஷின் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வந்து நின்றிருந்தது.

அம்மையப்பன் குளியலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரன்மகாதேவியில் ஐப்பசி மழை நாலு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்து வீடு, சுவரெல்லாம் ஓதம் ஏறி, உள்ளே எங்கே போனாலும் காயாத துணியின் புளித்த வாடையும் அதற்கடியில் பினாயில் வாடையும் கூடவே வந்தன. குனிய இடுப்பு ஒத்துழைக்கவில்லை. முழங்காலால் மிஷினைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது, உள்ளே கிடப்பது மூன்று துணி. ஆனாலும் நிறைகுடம்போலக் கனத்தது.

"ஒனக்கும் முடியலயா?" என்றார் மிஷினிடம்.

முடியாமல்தான் இருக்கும். அவர் மனைவி சொர்ணாம்பாள், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். விரிப்பு, பாவாடை, நைட்டி என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை, சில நாள் நாலு தடவை ஓடிய மிஷின். அவள் போய் நாற்பது நாளாகிறது. இப்போது வாரத்துக்கு ஒருதரம் ஓடினாலே அதிகம். ஓடி ஓடித் தேய்ந்த பிறகு ஓய்வு கொடுத்தால் உடம்பு தாங்காது என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான். வேலையே இல்லாத இந்த நாற்பது நாளில் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை.

தரை மட்டமாக இல்லாவிட்டால் மிஷின் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மூடிமேல் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. இருந்தாலும் தரையில் உட்கார்ந்து முன்கால் இரண்டையும் திருகி இறுக்கி, அடியில் அட்டையை மடித்துச் செருகி, கெட்டி ரப்பர் மிதியடி ஒன்றையும் முன்னால் முட்டுக்கொடுத்தார். மறுநாள் காலையில் ஒரு போர்வையைப் போட்டு ஓடவிட்டார். துவைத்தது, அலசியது, ஒரு குறையும் இல்லை. கடைசியில் பிழிய ஆரம்பித்ததும் சத்தம் வந்தது.

துணி ஒருபக்கமாகச் சேர்ந்தால் வரும் சத்தம் சீராக இடிக்கும். இது அப்படி இல்லை. மூன்று தட்டல். ஒரு இடைவெளி. பிறகு ஒரு தட்டல்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு, ஈரப் போர்வையைக் கையால் பிழிந்து கொடியில் போட்டார்.

சாயங்காலம் ஓசூரிலிருந்து மகள் சித்ரலேகா போனில் பேசினாள். அவர் மிஷின் சத்தத்தைச் சொன்னார்.

"அதப் போட்டுட்டு வேற வாங்கிருங்கப்பா. அம்மாவுக்குத் துவைச்சுத் துவைச்சே ஓஞ்சிருக்கும்."

"ம்."

"நீங்களும்தான் ஓஞ்சு போயிட்டீங்க. ஏதோ, அம்மா தூக்கத்துலயே போயிட்டா. கடைசில நீங்க பக்கத்துல இருந்தீங்கள்லா, அது போதும்ப்பா."

"ம்" என்றார் மறுபடியும்.

அடுத்த நாள் மத்தியானம் மேலப்பாளையத்திலிருந்து மிஷின் ரிப்பேர் பார்க்கும் அனஸ் வந்தான். நாற்பது வயதுக்காரன், பேச்சும் வேலையும் நிதானம். இந்த வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. ரெயின்கோட்டை வாசலில் உதறிப் போட்டுவிட்டு, மிஷினை ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்த்தான். சாயவில்லை.

"உள்ள என்ன அண்ணாச்சி போட்டிருக்கிய?"

"ஒண்ணும் இல்ல வே. காலி."

அனஸ் மூடியைத் திறந்து பார்த்தான். காலிதான். உள்ளே கையைவிட்டு டிரம்மைச் சுற்றினான், இலேசாகச் சுற்றியது. அதைத் தாங்கும் கம்பிகள் நாலையும் அசைத்துப் பார்த்தான், அடியில் டார்ச் அடித்து பெல்ட்டைப் பார்த்தான், தண்ணீர் வடியும் குழாயைக் கழற்றி ஊதினான். குழாயிலிருந்து ஒரு வாடை வந்தது. சோப்பு வாடை இல்லை. நாள்பட்ட படுக்கையின் வாடை. அம்மையப்பன் மூக்கைப் பொத்தவில்லை. அது அவருக்குப் பழகியது.

"எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றான் அனஸ். "சும்மா ஓடவிட்டுப் பாப்போம்."

மூடியை மூடி, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தட்டை அதன்மேல் வைத்து, பிழிகிற பொத்தானை மட்டும் அழுத்தினான். மிஷின் மெல்ல முனகி வேகம் பிடித்தது. தட்டில் தண்ணீர் தளும்பக்கூட இல்லை. அனஸ் திருப்தியோடு தலையாட்டினான். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான்.

"உள்ரூம்ல தட்டுதாங்க பாருங்க."

அம்மையப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா கூப்பிடுதாங்க போலுக்கு. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி, நான் இத முடிச்சிருதேன்."

"உள்ள யாரும் இல்ல" என்றார் அம்மையப்பன். "அவ போயி நாப்பத்திரண்டு நாளாச்சு."

அனஸ் அவர் முகத்தைப் பார்த்தான். நடைவழியின் கடைசியில் பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தான். உள்ளேயிருந்து, இரும்புக் கட்டில் கம்பியில் கரண்டி பட்டால் வரும் சத்தம், மழையோடு சேராமல் தனியாகக் கேட்டது. அவன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான்.

"மிஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி. நீங்க பிள்ளைங்க வீட்டுக்கு எங்கயாவது போயி பத்து நாள் இருங்க" என்றான். "இன்னைக்கே போங்க." வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அவன் ரெயின்கோட்டை விட்டுப் போனது தெரிந்தது.

அம்மையப்பன் குளியலறையில் மிஷினை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கும் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று காலையிலிருந்து மூன்று தடவை அவளைத் துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றியிருந்தார். நாலாவது தடவைத் துணியை மிஷினில் போட்டுவிட்டு நிமிரும்போது அவள் கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டினாள். மூன்று, பிறகு ஒன்று. பேச்சுப் போன நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். போனார், ஒன்றுமில்லை, தண்ணீர். திரும்பி வந்தார், தட்டினாள். போனார், ஒன்றுமே இல்லை, சும்மா பார்த்தாள். திரும்பி வந்ததும் மறுபடி தட்டினாள். அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினைப் போட்டார். அந்த இரைச்சலில் தட்டுவது கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தார். என்ன சுகமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதே இல்லை. மிஷின் நின்றபோது வீடு முழுக்க அமைதியாக இருந்தது.

போய்ப் பார்த்தபோது அவள் கையிலிருந்த கரண்டி, கட்டில் கம்பியில் தட்டித் தட்டி வளைந்திருந்தது. தூக்கத்துலயே போயிட்டா என்று எல்லோரிடமும் சொன்னார்.

மழை வலுத்தது. மின்சாரம் போகவில்லை, குழல்விளக்கு மட்டும் ஒருதரம் இமைத்தது. உள்ளறையில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று. ஒன்று. ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டும், உடுப்பு அந்த அறை அலமாரியில் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும். கால் எழவில்லை. பயம் இருந்தது, ஆனால் பயத்துக்கும் மேலே அலுப்பு கிடந்து அழுத்தியது. மூன்று. ஒன்று. வருதேன் சொர்ணம், கொஞ்சம் இரு. மூன்று. ஒன்று. மூன்று. ஒன்று.

அவர் கை தானாக நீண்டது. பொத்தானை அழுத்தியது.

மிஷின் முனகியது. இரைந்தது. உள்ளறைச் சத்தம் அடங்கியது. அம்மையப்பன் கண்ணை மூடினார்.

மிஷின் ஆடத் தொடங்கியது.

பைய. பிறகு வேகமாக. தட்டு மூடியிலிருந்து விழுந்து உடைந்தது. ரப்பர் மிதியடி நழுவியது. மிஷின் ஒரு சாண் முன்னே வந்தது. இன்னொரு சாண். அவர் முழங்காலில் இடித்து நின்றது. சத்தம் இப்போது உள்ளறையில் இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம். அவர் முழங்காலுக்கு நேரே.

வயரைப் பிடுங்கினார். சுற்றுவது நின்றது. தட்டுவது நிற்கவில்லை.

எழுந்து மூடியைத் திறந்தார்.

காலியாயிருந்த டிரம்மில் விளிம்புவரை விரிப்பு. நீலக்கோடு போட்ட விரிப்பு. சுடுகாட்டுக்கு அவளோடு போன விரிப்பு. ஈரம் சொட்டச் சொட்டச் சுருண்டு கிடந்தது. அதன் நடுவில் நரைமுடி.

அவர் ஓடவில்லை. அத்தனை நாள் செய்த பழக்கத்தில் கை போய்விட்டது. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, மூச்சைப் பிடித்து, தூக்கினார். அதே கனம். எலும்பு அதே இடங்களில் உறுத்தியது. தலை அவர் தோளில் சரிந்தது. குளிர்ந்திருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்து, விழாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வந்துட்டேன்" என்றார். "வந்துட்டேம்ளா."

சொர்ணாம்பாள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோணிய வாயைத் திறந்தாள். எதையோ சொல்லத் தொடங்கினாள்.

வந்தது சோப்பு நுரை. அழுக்குத் தண்ணீரோடு, கடைவாய் வழியாக, மோவாயில் இறங்கி மடியில் விழுந்தது. அம்மையப்பன் வேட்டி நுனியை எடுத்துத் துடைத்தார். மறுபடியும் வழிந்தது. துடைத்தார். வழிந்தது. அவர் வேட்டியின் வேறொரு காய்ந்த முனையைத் தேடி எடுத்தார்.