கூடு விழுந்த சுவர்

நேற்று கரித்துண்டால் வட்டம் போட்டு வைத்த இடத்தைக் கொத்தன் கரணைப் பிடியால் தட்டினான். கெட்டியாகக் கேட்டது. நேற்று இதே இடம் காலிப் பானை மாதிரி ஒலித்தது. வலப்பக்கம் ஒரு முழம் தள்ளித் தட்டினான்.

டொப்.

பழங்காரை செங்கல்லை விட்டுக் கழன்று உள்ளே இடைவெளி விழுந்தால், கூடு விழுந்தது என்பார்கள். கூடு பெரிதாகும், உப்பும், ஒருநாள் பொலபொலவென்று கொட்டும். இடம் மாறாது.

ஊர் மன்றத்தின் பெரிய கூடத்தில் அவனும் அவன் மனைவியும் மட்டும் இருந்தார்கள். கட்டிப் பிடித்தால் கைக்கு அடங்காத தூண்கள், ஆள் படுக்கிற அகலத்துக்குச் சுவர்கள், உயரே கண் விழித்த மாதிரி வட்டச் சாளரங்கள். ஈரப்பூச்சு சட்டென்று காய்ந்து வெடித்துவிடக் கூடாதென்று சன்னல்களுக்கெல்லாம் நனைத்த சாக்கு தொங்கவிட்டிருந்ததில், வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே கலங்கல் தண்ணீராகத் தேங்கி நின்றது. சாக்கு வாடை, சுண்ணாம்புக் காரம், அதற்கும் அடியில், வெகுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

ஊரும் அப்படித்தான். வந்த அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு ஒரு வீடு கதவைச் சாத்தியது. "வெளியூர் ஆளுங்கதான் வேணும்னு தலைவர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்று காவல்காரன் மட்டும் பேசினான். உள்ளூரில் கொத்தனே இல்லையா என்று கேட்டதும், மன்றத்துச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கூட்டை நேற்றே உடைத்திருக்க வேண்டும்.

"உடைச்சிட்டுப் பூசுய்யா. கூட்டு மேல பூசினா நம்ம தலையிலதான் விழும்" என்று மனைவி நேற்றே சொன்னாள்.

"பழசு ஒத்துக்க மாட்டாரு. ஒரு சில்லுகூடப் பேர்க்கக் கூடாதாம்." பழசு என்பது, புராதனக் கட்டடம் என்று சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கும் அதிகாரிக்கு இருவரும் வைத்த பெயர்.

"அவரு மண்டையத் தட்டிப் பாரு. அங்கயும் இதே சத்தம்தான் வரும்."

சிரித்தான். சிரித்துவிட்டு, தொழிலுக்கு வந்தபின் முதல்தடவையாகக் கூட்டை உடைக்காமல் விட்டுவிட்டான்.

இப்போது அதன் விளிம்பைத் தேடித் தட்டிக்கொண்டே போனான். தட்டத் தட்டக் கரிக்கோடு இழுத்தான். கோடு தரையிலிருந்து நெட்டுக்கு ஏறியது, தோள் அகலத்துக்கு விரிந்தது, குறுகியது, உருண்டையாக வளைந்து இறங்கியது. பின்னால் நகர்ந்து பார்த்தான். சுவரில் ஒரு ஆள் நின்றான்.

கோட்டுக்குள் மறுபடி தட்டினான். கெட்டி.

ஒரு முழம் வலப்பக்கம். டொப்.

வலப்பக்கம், சுவர் முடிகிற மூலையில், தாழ்ந்த சாரத்தின்மேல் நின்று அவன் மனைவி கூழாங்கல்லால் மெருகு தேய்த்துக்கொண்டிருந்தாள். சர்... சர்... என்று கல் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்கு" என்றான்.

"என்னாது?"

"எறங்குன்னா எறங்குடி. வெளிய போலாம்."

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? ஈரம் காயறதுக்குள்ள மூலை வரைக்கும் ஒரே கையில இழுத்தாகணும். நடுவுல விட்டா ஒட்டு தெரியும். அப்புறம் நீதான் குதிப்ப."

"சுவத்துல என்னமோ இருக்கு."

"இருக்கட்டும், பூசிவிட்டுடலாம்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ மேஸ்திரி, போய்த் தண்ணி குடி."

அவள் சொன்னது சரி. இத்தனை வருஷமாக அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துத் திட்டியவன் அவன்தான்.

தட்டினான். கூடு சன்னலுக்குக் கீழே. தட்டினான். சன்னலைத் தாண்டி. இப்போது அவன் தட்டும் வரை அது காத்திருக்கவில்லை. அடுத்த சாக்கு, காற்றே இல்லாத கூடத்தில், சுவர்ப் பக்கமாக உறிஞ்சப்பட்டு ஒட்டியது. விட்டது. அதற்கடுத்தது ஒட்டியது.

கடப்பாரை. உடைத்துவிடலாம். பழசு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் கடப்பாரை உள்ளே போகக் கூடாதென்று காவல்காரன் அதை வாங்கி வாசலில் வைத்துக்கொண்டிருந்தான். ஓடினான்.

"குடு."

காவல்காரன் வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "எதுக்கு?"

"குடுய்யா!"

"உடைக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல." அவன் கொத்தனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து உள்ளே கேட்டுக்கொண்டிருந்தான். கல்லின் சத்தம். சர்... சர்...

நின்றது.

காவல்காரன் எழுந்தான். கடப்பாரையைத் தானே எடுத்து நீட்டினான். "இந்தா. இனிமே என்ன."

உள்ளே சாரம் அப்படியே நின்றது. கூழாங்கல் பலகைமேல் கிடந்தது, ஈரத்தோடு. பூச்சு மூலை வரை ஒரே இழுப்பாக முடிந்திருந்தது. கண்ணாடி மாதிரி. அவளில்லை. இருந்தது ஒரே வாசல். அதில்தான் அவன் நின்றிருந்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கூடம் அதைத் திருப்பித் தரவில்லை.

தட்டினான். கெட்டி. மேலே. கெட்டி. கீழே, பக்கத்தில், மூலையில். கெட்டி, கெட்டி, கெட்டி. எங்கேயும் கூடு இல்லை. நிறைந்துவிட்டது.

கடப்பாரையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. எங்கே குத்துவது? வெற்றிடமாக இருந்தால் குத்தலாம். உள்ளே அவள் முகம் எந்தப் பக்கம்? வயிறு எங்கே?

பின்னால் கதவு சாத்தும் சத்தம். வெளித்தாழ்ப்பாள்.

அப்போது ஈரப்பூச்சு அசைந்தது. அவன் நெஞ்சு உயரத்தில் மெல்லப் புடைத்தது. ஒரு உள்ளங்கை. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக, பிரிந்து, அழுத்தி.

"இருக்கேன்" என்றான். "இங்கதான் இருக்கேன். விட மாட்டேன்."

கடப்பாரையைப் போட்டான். தன் கையை அதன்மேல் பொருத்தி அழுத்தினான். வெதுவெதுப்பாக இருந்தது. சுண்ணாம்பு விலகி வழிவிட்டது. மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. விரல்கள் விரல்களோடு கோத்துக்கொண்டன.

அவள் கை அவனுக்குத் தெரியும். சுண்ணாம்பு அரித்து நகக்கண்ணெல்லாம் வெடித்த கை.

இவை நீளமான விரல்கள். ஒரு வெடிப்பும் இல்லாத, ஒருநாளும் ஒரு வேலையும் செய்திராத, வழவழப்பான விரல்கள். அவை இறுகின.